ஏரியும் கலங்கலும்: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எடை எங்கே போய் நிற்கும்?

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். உடம்பு வற்றித் தெரிந்தால், "என்னம்மா இப்படி உருகிப் போயிட்ட, ஒழுங்கா சாப்பிடக் கூடாதா?" கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால், "அவ்வளவு செலவு பண்ணியும் திரும்ப ஏறிடுச்சு பாரு." இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். ஆபரேஷன் என்பது எடையை ஓர் எண்ணில் கொண்டுபோய் நிறுத்தி ஆணி அடிக்கிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களும் அப்படியே நினைப்பதுதான் சிக்கல். எண்ணைத் தேடிப் போகிறவருக்கு எந்த எண் வந்தாலும் மனம் ஆறாது.

உண்மையில் நடப்பது வேறு. உடல் தானாகவே ஒரு புதிய மட்டத்தைத் தேடிப் போய், அங்கே கொஞ்சம் ஏறி இறங்கி, பிறகு நிலைகொள்கிறது. அது எப்படி நடக்கிறது, எந்த மட்டம் ஆரோக்கியமானது, எது அதைக் கெடுக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைபோசக்‌ஷன். அது உருவத்தைத் திருத்தும் வேலை, இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லை. எடைக் குறைப்பு ஆபரேஷனில் கொழுப்பின் மேல் கத்தியே படுவதில்லை. இரைப்பையிலும் குடலிலும்தான் மாற்றம் செய்கிறார்கள்.

இரண்டு வகை அதிகம் நடக்கின்றன. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். 100 முதல் 150 மி.லி. கொள்ளும், அதாவது டீக்கடைக் கிளாஸ் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். சோறு பழைய இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் கடந்துபோகும். இந்தியாவில் பரவலாக நடக்கும் மினி பைபாஸில் பை கொஞ்சம் நீளமானது, இணைப்பு ஒன்றே ஒன்று. இருதய பைபாஸுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. சொந்தக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஹார்லிக்ஸோடு ஓடிவர வேண்டியதில்லை. (ஹார்லிக்ஸ் ஏன் கூடாது என்பது பின்னால் வரும்.)

ஏரிக் கணக்கு

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஏரியை விளக்க வேண்டியதில்லை. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற நாள் குறைவு. ஊர் பிழைத்ததே ஏரிகளால்தான். காவேரிப்பாக்கம் ஏரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. கலங்கல், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடக் கட்டிய தாழ்வான சுவர், முடிவு செய்கிறது. கலங்கலின் உயரம் வரை தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் வந்தால் வழிந்துபோகும்.

உடல் எடைக்கும் இப்படி ஒரு கலங்கல் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. தான் பழகிய மட்டத்துக்குக் கீழே எடை இறங்கினால் பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். உடல் விடாமல் காத்துவரும் இந்த மட்டத்தை மருத்துவர்கள் "செட் பாயின்ட்" என்பார்கள். நாம் இங்கே கலங்கல் என்றே சொல்வோம்.

டயட் இருப்பது ஏரியில் மோட்டார் வைத்து இறைப்பது போல. இறைக்கிற வரை மட்டம் இறங்கும். கலங்கல் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். மோட்டாரை நிறுத்தியதும் அடுத்த மழையில் ஏரி பழையபடி நிரம்பிவிடும். பல முறை பட்டினி கிடந்து 10 கிலோ குறைத்து, 12 கிலோ ஏற்றிக்கொண்டவர்களுக்கு இந்தக் கதை புரியும். அவர்களிடம் மன உறுதி இல்லை என்று சொல்வது அறியாமை.

ஆபரேஷன் செய்வது மோட்டாரின் வேலை இல்லை. அது கலங்கலையே இடித்துத் தாழ்த்துகிறது. தாழ்த்தியதும் என்ன ஆகும்? மேலே நிற்கும் தண்ணீர் முதலில் வேகமாக வழியும். மட்டம் புதிய கலங்கலை நெருங்க நெருங்க வழிவது மெதுவாகும். கடைசியில் நின்றுவிடும். நிற்பது கோளாறு இல்லை. புதிய மட்டம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

கலங்கலைத் தாழ்த்துவது எது?

"வயிறு சின்னதாகிவிட்டது, சாப்பிட முடியவில்லை, அதனால் இளைக்கிறார்" என்ற விளக்கம் பாதி உண்மை. வயிறு சிறிதானது மட்டுமே காரணம் என்றால் அவர் நாள் முழுக்கப் பசியில் துடிக்க வேண்டும். முதல் வருடத்தில் பெரும்பாலோர் சொல்வது இதற்கு நேர்மாறு: "பசியே எடுக்கல, மணி பார்த்துச் சாப்பிடுறேன்."

காரணம் ஹார்மோன்கள். பசியைக் கிளப்பும் ஹார்மோனின் பெயர் கிரெலின். இது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேற்புற வளைவில். ஸ்லீவில் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். இன்னொரு பக்கம், சோறு சிறுகுடலின் கீழ்ப்பகுதியைச் சீக்கிரமாக எட்டும்போது அங்கிருந்து ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. "போதும்" என்று மூளைக்குச் சொல்வது இது. இன்சுலின் சுரப்பையும் தூண்டுகிறது. எடை குறைய ஆரம்பிக்கும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை அளவு இறங்குவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் பழைய அளவிலேயே மாத்திரையையும் ஊசியையும் தொடரக் கூடாது. அளவை மருத்துவர் குறைத்துக் கொடுப்பார். குறைக்காமல் விட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: டயட் மட்டத்தை இறக்குகிறது, கலங்கலைத் தொடுவதில்லை. ஆபரேஷன் பசி, நிறைவு ஹார்மோன்களை மாற்றிக் கலங்கலையே தாழ்த்துகிறது. இந்த ஏரி உவமை ஓர் இடத்தில் உதைக்கும். கலங்கல் கல்லால் ஆனது, ஒரு முறை இடித்தால் அப்படியே இருக்கும். உடலின் கலங்கல் அப்படி இல்லை. ஓரளவு தானாகவே மேலே எழும்பப் பார்க்கும்.

எந்த மாதத்தில் என்ன நடக்கும்

முதல் வாரத்தில் 4, 5 கிலோ குறைந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரையின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சேமிப்பு தீரும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் எடை மெஷின் முள் அசையாது. சில சமயம் அரை கிலோ ஏறவும் செய்யும். "ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சு" என்று அதிகம் போன் வருவது இந்த வாரத்தில்தான். உடல் தண்ணீர்க் கணக்கைச் சரிசெய்கிறது, அவ்வளவுதான். ஒன்று முதல் மூன்று வாரத்தில் மறுபடி இறங்க ஆரம்பிக்கும். வீட்டில் தினமும் மெஷினில் ஏறுகிறவர்தான் இந்த நாட்களில் தூக்கம் கெடுகிறார்.

அதன் பிறகு ஆறாவது மாதம் வரை வேகமான இறக்கம். இதே காலத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். உடல் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் மறுபடி முளைக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும். 12 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலோர் தங்கள் மிகக் குறைந்த எடையைத் தொடுவார்கள்.

அதன் பிறகு வருவதுதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி. இரண்டாம் வருடத்திலிருந்து கொஞ்சம் ஏறும். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தங்கள் மொத்த எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைத்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதம். ஏறியிருக்கிறது, ஆனால் பழைய இடத்துக்கு அருகில்கூடப் போகவில்லை. ஆபரேஷன் செய்யாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் எடை அதே காலத்தில் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆக, மிகக் குறைந்த எடை வேறு, நிலையான எடை வேறு. மெஷின் ஒரு நாள் காட்டிய மிகக் குறைந்த எண்ணை வாழ்நாள் இலக்காக வைத்துக்கொள்வது, கோடையின் கடைசி நாளில் ஏரி இருந்த மட்டத்தைச் சாதாரண மட்டம் என்று பதிவேட்டில் எழுதிவைப்பது போல.

"என் எடை எவ்வளவு இருக்க வேண்டும்?"

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். குடியாத்தத்தில் ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். உயரம் 160 செ.மீ., ஆபரேஷனுக்கு முன் எடை 110 கிலோ.

பி.எம்.ஐ. என்பது எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண். 110-ஐ 1.6-ஆல் வகுத்து, வருவதை மறுபடி 1.6-ஆல் வகுத்தால் 43. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை இயல்பு, 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவைவிட இது குறைவு. அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது, சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது.

இந்தக் கணக்குப்படி அந்த அம்மாவின் "சரியான எடை" 59 கிலோவுக்குக் கீழே. கிளினிக் சுவரில் தொங்கும் அட்டவணை அதைத்தான் சொல்லும். அவரும் 59-ஐ மனதில் எழுதிக்கொள்வார். ஆனால் ஸ்லீவில் மொத்த எடையில் சராசரியாக 25 சதவீதமும், பைபாஸில் 30 சதவீதமும் குறையும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. 110-ல் 25 சதவீதம் போனால் 82.5. முப்பது சதவீதம் போனால் 77. அவருடைய புதிய ஏரிமட்டம் ஏறக்குறைய 77-க்கும் 83-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

சுவர் அட்டவணையைப் பார்த்தால் 80 கிலோ தோல்வி. ரத்தப் பரிசோதனையைப் பார்த்தால், சர்க்கரை மாத்திரை பாதியாகி அல்லது நின்றுபோயிருக்கும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் தணிந்திருக்கும். வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி ஒரு நடை போனால் மூட்டு வலிக்காது. எது ஆரோக்கியமான எடை என்று கேட்டால், இரண்டாவது கணக்கைத்தான் நாங்கள் ஏற்போம். எடையோடு சேர்த்து இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது கோடு. அதைத் தொடாவிட்டாலும் 120-லிருந்து 95-க்கு வந்தால் அது பெரிய மாற்றம்.

மருத்துவர் சீட்டில் இன்னொரு சதவீதமும் இருக்கும்: அதிக எடையில் எவ்வளவு குறைந்தது என்பது. பி.எம்.ஐ. 25-ஐ இயல்பு என வைத்தால் இந்த அம்மாவுக்கு 64 கிலோ. அப்படியானால் அதிக எடை 46 கிலோ. அவர் 27.5 கிலோ குறைத்திருந்தால் அது 46-ல் 60 சதவீதம். ஒரே உடம்புக்கு ஒரு கணக்கில் 25, இன்னொரு கணக்கில் 60. பக்கத்து வீட்டுக்காரரின் 60-ஐயும் உங்கள் 25-ஐயும் ஒப்பிட்டு அழ வேண்டாம். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

கலங்கல் மேல் மணல் மூட்டை

ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று சில ஊர்களில் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். மட்டம் சத்தமில்லாமல் அரை அடி ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறுவதும் பெரும்பாலும் இப்படித்தான். யாரும் ஒரே நாளில் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டு ஏற்றுவதில்லை. சாப்பிடவும் முடியாது.

முதல் மூட்டை, வழுக்கிப் போகும் உணவு. சிறிய இரைப்பை கெட்டியான உணவைத்தான் தடுத்து நிறுத்தும். கோழிக்கறி, முட்டை, சுண்டல் போனால் நிறைந்து நிற்கும். டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம், ஹார்லிக்ஸ், பாயசம், ஆற்காட்டு மக்கன் பேடாவின் பாகு எல்லாம் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். வயிறு நிறையாது, சக்தி மட்டும் சேரும். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்தால் சர்க்கரையில் மட்டும் 240 கலோரி. சாப்பாட்டில் யாரும் இதைக் கணக்கு வைப்பதில்லை.

இரண்டாவது, கொறிப்பது. ஒரு வேளையில் 100 கிராம் மிக்சர் உள்ளே போகாது. ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் பிடிபிடியாக உள்ளே போய்விடும். 500 கலோரிக்கு மேல். ஷூ கம்பெனி, தோல் ஷாப் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இரவில் கண்விழித்தால் பசி ஹார்மோன் கூடுகிறது. கையில் கிடைப்பதும் டீயும் பன்னும்தான்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று பழகியிருக்கிறோம். ஆபரேஷன் செய்த இரைப்பைக்கு இது நேர் எதிரி. மெல்லாத களி உருண்டை இரைப்பையின் குறுகலான வழியில் சிக்கினால் நெஞ்சுக்குள் கல் வைத்தாற்போல் அழுத்தும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், பிறகு வாந்தி. இப்படி இரண்டு முறை ஆனவர் பயந்துபோய், "கெட்டியா எதுவும் ஒத்துக்கல" என்று கூழுக்கு மாறிவிடுவார். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழ் வேறு வீடு தேடி வரும். கூழ் கெட்டதில்லை, கேழ்வரகில் கால்சியம் நிறைய. ஆனால் அது நீராகாரம், சொம்பு சொம்பாக இறங்கும். கெட்டியானதை விட்டுவிட்டு நீர்த்ததை மட்டும் சாப்பிட்டால் புரதம் குறையும், எடை ஏறும். களி வேண்டுமென்றால் எலுமிச்சை அளவில் பாதி கிள்ளி, மென்று சாப்பிடுங்கள். பாட்டி திட்டினாலும் பரவாயில்லை.

நான்காவது, சாப்பாட்டோடு தண்ணீர். சாப்பிடும்போது குடித்தால் சாப்பாடு கழுவிக்கொண்டு இறங்கிவிடும், நிறைவு வராது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். மற்ற நேரத்தில் வாய் வாயாக 1.5 முதல் 2 லிட்டர். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இதற்கும் மேல் தேவைப்படும். அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற பழக்கம் இனி ஒத்து வராது. அரை லிட்டர் பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டு கால் மணிக்கு இரண்டு வாய் குடிப்பதே வழி. மோர், வெறும் தண்ணீர், இனிப்பில்லாத எலுமிச்சைச் சாறு போதும். ரோஸ் மில்க்கும் கரும்புச் சாறும் வேண்டாம்.

இனிப்பில் இன்னொரு பிரச்சினை டம்பிங். குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, சர்க்கரை மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டும்போது அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி வரும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம்.

இவை தவிர, நம் கையில் இல்லாத மூட்டைகளும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், இன்சுலின், தைராய்டு குறைவு, அரிதாக இரைப்பைக் குழாய் விரிந்துபோவது. அதனால் எடை ஏறியதும் "வாயைக் கட்டு" என்று சொல்வது முதல் வேலையாக இருக்கக் கூடாது. ஒரு வாரம் சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் மணியோடு எழுதுங்கள். மருந்துச் சீட்டோடு அதை டயட்டீஷியனிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை அடுத்தது. அதிலும் பதில் கிடைக்காவிட்டால்தான் எண்டோஸ்கோபி, ஊசி மருந்து, மறு ஆபரேஷன் என்ற பேச்சு.

தட்டில் எதை முதலில் தொடுவது?

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை, உட்கார்ந்திருக்கும்போதும் சக்தியைச் செலவழிக்கும். அது கரைந்தால் எடை ஏறுவது எளிதாகும். அதனால் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் கட்டாயம். இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், நம் வழக்கமான சாப்பாட்டில் இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

ஒரு நாள் கணக்கு: காலையில் இரண்டு முட்டை 12 கிராம். பதினோரு மணிக்கு 200 மி.லி. பால் 6. மதியம் வேகவைத்த கோழிக்கறி 75 கிராம், அதில் 19. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் 75 கிராம், அதில் 6. இரவு பனீர் 75 கிராம், அதில் 13. படுக்கும் முன் 150 மி.லி. பால் 5. கூட்டினால் 61. சைவக்காரர்கள் கோழிக்குப் பதில் காய்ந்த மீல் மேக்கர் 35 கிராமை ஊறவைத்துச் சமைத்தால் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். புரதப் பவுடர் தேவையா என்பதை டயட்டீஷியன் சொல்லட்டும்.

ஆம்பூர் பிரியாணி வாழ்நாள் முழுக்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். திட உணவு பழகிய பிறகு கூடும். வரிசை மட்டும் மாறும். முதலில் கறித்துண்டுகள், நன்றாக மென்று. பிறகு தயிர்ப் பச்சடி. கத்தரிக்காய்த் தொக்கில் எண்ணெயை ஒதுக்கி ஒரு துண்டு. கடைசியில் இடமிருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் சீரகச் சம்பாச் சோறு. இருபது, முப்பது நிமிடம் ஆக வேண்டும். சோற்றில் ஆரம்பித்தால் கறிக்கு இடமிருக்காது. கூட சோடா வேண்டாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் அடுத்த கேள்வி ரமலான் நோன்பு. முதல் வருடத்தில் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல், இரவின் சில மணி நேரத்தில் 2 லிட்டரையும் 60 கிராம் புரதத்தையும் அந்தச் சிறு வயிற்றில் சேர்க்க முடியாது. பிறகு நோற்க விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு, நோன்புக் கஞ்சிக்கு முன்னால் முட்டையையோ கறியையோ வைத்துக்கொள்ளலாம்.

எடை பார்க்கும் முறை

வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், அதே மெஷினில், அதே தரையில். மெஷினை மொசைக் தரையில் ஒரு வாரமும் பாயின் மேல் மறு வாரமும் வைத்தால் ஒரு கிலோ வித்தியாசம் காட்டும். மாத விலக்கு நாட்களிலும், ஊறுகாயும் கருவாடும் அதிகம் சாப்பிட்ட மறுநாளும் தண்ணீர் நின்று எடை கூடித் தெரியும்.

நான்கு வார எண்ணைக் கூட்டி நான்கால் வகுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு இந்தச் சராசரி இரண்டு மூன்று கிலோவுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அதுதான் உங்கள் நிலையான எடை. மூன்று மாதமாக ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், ஐந்து கிலோ ஆகும் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். ஏறியது இரண்டு கிலோவாக இருக்கும்போது மணல் மூட்டை எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பதினைந்து ஆன பிறகு எதைத் தொடுவது என்றே தெரியாது.

மட்டம் அதிகமாக இறங்கினால்

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இறங்கிக்கொண்டே போவது அதைவிட ஆபத்து. பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே போனாலோ, இரண்டு வருடம் ஆகியும் எடை நிற்காமல் இறங்கினாலோ, கால் வீங்கினாலோ, மாடிப்படி ஏற முடியாமல் தொடை தளர்ந்தாலோ அது "நல்லா இளைச்சிருக்கிறார்" என்பதல்ல. கலங்கல் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

மாத்திரைகள் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியவை. மல்டிவிட்டமின் தினமும். கால்சியம் சிட்ரேட்டை ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போகாமல், நாளைக்கு 1,200 முதல் 1,500 மி.கி. வரும்படி பிரித்துப் போட வேண்டும். மாதவிலக்கு வரும் பெண்களுக்கு இரும்புச்சத்து 45 முதல் 60 மி.கி. கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது வீண். பி12 மாத்திரையாகவோ, மாதம் ஒரு முறை 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ. விட்டமின் டி அளவைப் பரிசோதித்துப் பார்த்துக் கொடுப்பார்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும். பாரசிட்டமால் தவிர வேறு எதையும் கேட்காமல் போட வேண்டாம். பீடி, சிகரெட்டும் அதே புண்ணை உண்டாக்கும். கர்ப்பம் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போக வேண்டும், எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது குழந்தைக்குச் சத்து போதாது.

கடைசியாக ஒன்று, அவசரத்துக்கு. ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் உடலில் தயமின் தீர்ந்துபோகலாம். தயமின் என்பது விட்டமின் பி1. அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். சில நாட்களில் மூளைக்கு நிரந்தரச் சேதம் ஆகலாம். அந்த நிலையில் பக்கத்துக் கிளினிக்கில் "சோர்வா இருக்கார், ஒரு குளுக்கோஸ் போடுங்க" என்று கேட்டு ஏற்றிக்கொண்டால் நிலைமை மோசமாகும். மிச்சமிருக்கும் தயமினையும் குளுக்கோஸ் இழுத்துக்கொள்ளும். தயமின் ஊசிதான் முதலில், குளுக்கோஸ் அதற்குப் பிறகு. என்ன ஆபரேஷன், எந்த மாதம் வருடம், "வாந்தி என்றால் முதலில் தயமின்" என்ற மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி, ஆதார் கார்டு வைத்திருக்கும் அதே உறையில் போட்டுவையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.